டேட்டாபேஸ் பஞ்சாயத்து

(மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்)



ரஜினியா கமலா என்ற சண்டையெல்லாம் நம் அப்பாக்கள் காலத்தோடு போச்சு. இப்போது நம் டிபார்ட்மெண்ட் வராந்தாவில் நடப்பது வேற சண்டை. "லினக்ஸ்தான்டா ஃபாஸ்ட்" என்பான் ஒருத்தன். "போடா, ஃப்ரீபிஎஸ்டி பக்கத்துல அது நிக்க முடியுமா?" என்பான் இன்னொருத்தன். "மை எஸ்க்யூஎல் முன்னாடி போஸ்ட்கிரெஸ் எல்லாம் ஆமை" என்று நடுவில் ஒருத்தி வந்து ஒரு போடு போடுவாள். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு எண் இருக்கும். செகண்டுக்கு இத்தனை ஆயிரம் டிரான்சாக்ஷன் என்று. எந்த மிஷினில் எடுத்தது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் கேட்டார்கள், எழுதினது நிஜமாகவே டிஸ்கில் போய் உட்கார்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் தெரியாதுப்பா, ஆனா எண் கரெக்ட்" என்பார்கள்.

சுற்றி வளைக்காமல் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சண்டை நல்ல சண்டை. அதை வராந்தாவில் வாயால் போடாமல் லேபில் மிஷினால் போட வேண்டும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்ற பெயரில் நாம் வருஷா வருஷம் செய்கிற, இல்லை, செய்ததாகக் காட்டுகிற லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டத்துக்குப் பதிலாக, அளந்து பார்ப்பதையே ப்ராஜெக்டாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

வேகம் என்றால் என்ன என்பதிலிருந்து வருவோம். காலை 10 மணிக்கு ஏசி வகுப்புக்கும் 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் தட்கல் திறக்கிறது. திண்டுக்கல் ஜங்ஷனில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியவரும், மதுரையில் ஏற வேண்டியவரும், கொடைரோட்டில் ஏற வேண்டியவரும் ஒரே செகண்டில் ஒரே பெர்த்துக்கு பட்டனை அமுக்குகிறார்கள். ஒரு ஆள் மட்டும் கேட்டால் எந்த டேட்டாபேஸும் வேகம்தான். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே வரிசையைத் தொடும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. 2002-ல் தொடங்கிய ஐஆர்சிடிசி தளம் 2014-ல் புது சிஸ்டத்துக்கு மாறியபோது, நிமிஷத்துக்கு 2000 டிக்கெட் என்றிருந்த திறன் 7200 ஆகிறது என்று அறிவித்தார்கள். நிமிஷத்துக்கு 7200 என்றால் செகண்டுக்கு 120. இந்த 120-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேற ஒரு இடத்தில் தற்செயலாகத் திரும்ப வரும். (ரயில்வேயின் பழைய முன்பதிவு சிஸ்டம் யூனிக்ஸே கிடையாது, விஎம்எஸ் என்ற வேற ஒரு குடும்பத்தில் பிறந்து வளர்ந்தது. அது தனிக் கதை.)

ஆயிரம் பேரை எப்படிச் சமாளிப்பது? இங்கேதான் ப்ராசஸும் த்ரெட்டும் வருகின்றன. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் 5 மார்க் கேள்வியாகப் படித்து மறந்துபோன அதே வித்தியாசம்தான். நம்ம ஊர் பாஷையில் சொல்கிறேன். வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக ஒரு பிரியாணிக் கடை திறந்து, அரிசி குடோனை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்வது ப்ராசஸ் முறை. போஸ்ட்கிரெஸ் இப்படித்தான் நடக்கிறது. ஒரு கனெக்ஷன் வந்தால் ஒரு ப்ராசஸ், பொது மெமரி ஒன்று. ஒரே கடை, ஒரே சமையலறை, ஆளுக்கு ஒரு சப்ளையர் என்று வைத்துக்கொள்வது த்ரெட் முறை. மை எஸ்க்யூஎல் இந்த ரகம். புதுக் கடை திறப்பதை விட ஒரு சப்ளையரை நிறுத்துவது சுலபம், செலவு குறைவு. ஆனால் ஒரு சப்ளையர் அடுப்பில் தீயை விட்டுவிட்டால் கடையே போச்சு. ப்ராசஸ் முறையில் தடுப்புச் சுவர் இருக்கிறது. ஒரேக்கிள் இதில் இரண்டு வேஷமும் போட்டது. யூனிக்ஸில் ப்ராசஸ்களாக ஓடிய அதே டேட்டாபேஸ் விண்டோஸில் ஒரே ப்ராசஸுக்குள் த்ரெட்களாக ஓடியது. 2013-ல் வந்த 12சி-யில்தான் யூனிக்ஸிலும் த்ரெட் முறையைத் தேர்ந்தெடுக்க வசதி கொடுத்தார்கள்.

ஆக, த்ரெட் முறை டேட்டாபேஸின் வேகம், அடியில் இருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் த்ரெட்டை எப்படிக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை நம் சிலபஸ் சொல்வதே இல்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒரு பேப்பர், டேட்டாபேஸ் வேற பேப்பர், இரண்டுக்கும் நடுவில் சுவர். நிஜ உலகத்தில் அந்தச் சுவர் கிடையாது என்பதற்கு 1996 முதல் 2008 வரை நடந்த கதையே போதும். எனக்கு ரொம்பப் பிடித்த கதை அது.

1996 வாக்கில் லினக்ஸுக்கு சேவியர் லெராய் என்பவர் எழுதிய லினக்ஸ்த்ரெட்ஸ் என்ற லைப்ரரி வந்தது. கர்னலுக்கு த்ரெட் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாத காலம். அதனால் அவர் ஒரு உபாயம் செய்தார். ஒவ்வொரு த்ரெட்டையும் மெமரியைப் பங்கு போட்டுக்கொள்கிற ஒரு ப்ராசஸாகவே உண்டாக்கினார். வேலை நடந்தது. ஆனால் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி ப்ராசஸ் நம்பர், எல்லாரையும் மேய்க்க ஒரு மேனேஜர் த்ரெட் வேற. மை எஸ்க்யூஎல்-ஐ ஓட்டிவிட்டு ப்ராசஸ் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதே பெயர் நூறு தடவை வரும். ஒவ்வொரு வரியிலும் அதே மெமரி அளவு. "ஐயோ, நூறு மடங்கு மெமரி தின்னுது" என்று பயந்தவர்கள் ஏராளம். உண்மையில் எல்லாம் ஒரே மெமரிதான்.

அதே காலத்தில் ஃப்ரீபிஎஸ்டி வேற வழியில் போனது. அதன் பழைய த்ரெட் லைப்ரரி முழுக்க முழுக்க ப்ரோக்ராமுக்கு உள்ளேயே இருந்தது. கர்னலுக்கு ஒரு ஆள்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரே ஆள் உள்ளே பத்து வேஷம் மாற்றி மாற்றிப் போடுவார். வேஷம் மாற்றுவது வெகு வேகம், கர்னலைக் கூப்பிடவே வேண்டாம். நெட்வொர்க் வேலைக்கு இது அருமை. ஆனால் டேட்டாபேஸ் டிஸ்கைத் தொட வேண்டுமே! அந்த ஒரே ஆள் குடோனுக்குச் சாமான் எடுக்கப் போய்விட்டால் பத்து வேஷமும் அம்போ. மிஷினில் இரண்டு ப்ராசஸர் இருந்தாலும் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும், ஏனென்றால் ஆள் ஒருத்தர்தானே. இதனால் ஃப்ரீபிஎஸ்டி 4 காலத்தில் மை எஸ்க்யூஎல் ஓட்டியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? லினக்ஸ்த்ரெட்ஸ் லைப்ரரியையே ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்து அதோடு சேர்த்து கம்பைல் செய்தார்கள். யாஹூ மாதிரிப் பெரிய கம்பெனிகளே ஃப்ரீபிஎஸ்டி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது ஒருத்தர் "ஃப்ரீபிஎஸ்டியில் மை எஸ்க்யூஎல் மந்தம்" என்று எழுதினால் அது உண்மை. இன்னொருத்தர் "இல்லையே, எனக்கு நன்றாகத்தானே ஓடுகிறது" என்று எழுதினால் அதுவும் உண்மை. இரண்டு பேரும் எந்த த்ரெட் லைப்ரரி என்று சொல்ல மறந்தவர்கள், அவ்வளவுதான்.

சோலாரிஸ்காரர்கள் நடுவழி எடுத்தார்கள். ப்ரோக்ராமுக்குள் எத்தனை த்ரெட் வேண்டுமானாலும் இருக்கட்டும், கர்னல் பக்கம் அதைவிடக் குறைந்த ஆட்கள் இருந்து மாற்றி மாற்றிச் சுமக்கட்டும் என்பது கணக்கு. இதை எம்:என் மாடல் என்பார்கள். ஒரு த்ரெட்டுக்கு ஒரு கர்னல் ஆள் என்றால் அது 1:1 மாடல். பேப்பரில் எம்:என் மாதிரி அழகான யோசனை கிடையாது. 1991-லேயே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்சன் குழுவினர், கர்னலும் ப்ரோக்ராமும் ஒத்துப் பேசி இதைச் சரியாகச் செய்வது எப்படி என்று ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிவிட்டார்கள். படித்த எல்லாருக்கும் ஆசை வந்தது. ஃப்ரீபிஎஸ்டி கேஎஸ்ஈ என்ற பெயரில் அதைக் கட்ட ஆரம்பித்து 2004-ல் 5.3-ல் முக்கிய லைப்ரரியாக வைத்தது. நெட்பிஎஸ்டி அதே ஆண்டு 2.0-ல் வைத்தது. லினக்ஸுக்கும் ஐபிஎம் தரப்பிலிருந்து என்ஜிபிடி என்று ஒரு எம்:என் லைப்ரரி வந்தது.

ஜெயித்தது யார்? எளிமையான 1:1! உல்ரிக் ட்ரெப்பரும் இங்கோ மோல்நாரும் லினக்ஸுக்காக என்பிடிஎல் என்ற லைப்ரரியை எழுதினார்கள். கர்னலையே திருத்தி, த்ரெட் உண்டாக்குவதையும் மாற்றுவதையும் மலிவாக்கிவிட்டால் இடையில் எதற்கு இன்னொரு மேஸ்திரி என்பது அவர்கள் வாதம். ஒரு லட்சம் த்ரெட்டை ஒரு சாதாரண இன்டெல் மிஷினில் 2 செகண்டில் தொடங்கிக் காட்டினார்கள். பழைய முறையில் அதற்குச் சுமார் 15 நிமிஷம். 2003-ல் ரெட் ஹாட் 9-ல் வெளிவந்தது, அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 2.6 கர்னலோடு எல்லா லினக்ஸுக்கும் போய்ச் சேர்ந்தது. என்ஜிபிடியை 2003-லேயே மூட்டை கட்டிவிட்டார்கள். சோலாரிஸ் அதற்கு முன்பே 2002-ல் 9-ம் பதிப்பில் எம்:என்-ஐ விட்டுவிட்டு 1:1-க்கு வந்துவிட்டது. ஃப்ரீபிஎஸ்டி 2008-ல் 7.0-ல் வந்தது. நெட்பிஎஸ்டி 2009-ல், ஓபன்பிஎஸ்டி 2012-ல். கடைசியில் எல்லாரும் ஒரே பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள்.

இதில் ஃப்ரீபிஎஸ்டி 7.0 கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். பிப்ரவரி 2008-ல் அதை வெளியிட்டபோது, டேட்டாபேஸ் சோதனைகளில் முந்தைய 6-ம் பதிப்பை விட சாதாரண சுமையில் 350 சதவிகிதம் வரையும், அதிக சுமையில் 1500 சதவிகிதம் வரையும் உயர்வு, அப்போதைய சிறந்த லினக்ஸ் கர்னலை விட 15 சதவிகிதம் மேல் என்று அறிவித்தார்கள். யோசித்துப் பாருங்கள். அதே மை எஸ்க்யூஎல், அதே மாதிரி ஹார்டுவேர். கீழே இருக்கும் த்ரெட் லைப்ரரி, ஷெட்யூலர், பூட்டுகள், மெமரி வாங்கித் தரும் மல்லாக், இவையெல்லாம் மாறின. அவ்வளவுதான். லினக்ஸ்காரர்கள் சும்மா இருந்தார்களா? அவர்களும் தங்கள் தரப்பு ஓட்டைகளைத் தேடி அடைத்தார்கள். மல்லாக் லைப்ரரியை மட்டும் மாற்றினாலே மை எஸ்க்யூஎல் எண்கள் மாறுவதைப் பார்த்தார்கள். அடுத்தடுத்த பதிப்புகளில் எண்கள் மறுபடி மாறின. 2001-ல் ஒருத்தர் சொன்ன "ஃபாஸ்ட்" 2008-ல் செல்லாது. 2008-ல் சொன்னது இன்றைக்குச் செல்லாது. நம் வராந்தா வீரர்கள் கையில் வைத்திருக்கும் எண்களில் பாதி இப்படி காலாவதியான மாத்திரைதான்.

பூட்டு என்று சொன்னேன் அல்லவா? திண்டுக்கல்லில் பிறந்துவிட்டு பூட்டைப் பற்றிப் பேசாமல் போனால் ஊர் மன்னிக்காது. 2019-ல் நம் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. டேட்டாபேஸுக்குள்ளும் பூட்டு உண்டு, அதுவும் ஆயிரக்கணக்கில். பழைய மை எஸ்க்யூஎல்-இல் மைஐசாம் என்ற முறை இருந்தது. ஒருத்தர் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றாலும் டேபிளுக்கே பூட்டு. மாங்காய்ப் பூட்டைக் கொண்டுபோய்த் தெரு முனையில் மாட்டி முழுத் தெருவையும் பூட்டுகிற மாதிரி! இன்னோடிபி வரிக்கு வரி பூட்டுகிறது. 2010-ல் 5.5 பதிப்பிலிருந்துதான் அது தானாகவே வரும்படி ஆக்கினார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய ஒப்பீடுகளில் மை எஸ்க்யூஎல் படிப்பதில் பறக்கிறது, போஸ்ட்கிரெஸ் எழுதுவதில் நிற்கிறது என்றெல்லாம் வந்ததற்குப் பாதிக் காரணம் இந்த மைஐசாம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மேல் பழி, தப்பு பூட்டில்.

கர்னல் பக்கமும் பூட்டில் ஒரு நுணுக்கம். லினக்ஸில் ஃபியூடெக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, என்பிடிஎல் வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். அறைக் கதவு திறந்திருந்தால் நீங்களே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம், வாட்ச்மேனை எழுப்ப வேண்டாம். உள்ளே ஏற்கெனவே ஆள் இருந்தால் மட்டும் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத் தூங்கலாம். பெரும்பாலான நேரம் கதவு திறந்தே இருக்கும் என்பதால் வாட்ச்மேனாகிய கர்னலுக்கு வேலையே இல்லை. சின்ன யோசனை, எவ்வளவு மிச்சம் பாருங்கள்!

சரி, த்ரெட் கதை முடிந்தது. இப்போது எல்லா யூனிக்ஸும் 1:1 தான். அப்படியென்றால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. அது டிஸ்க் பக்கம் போய் ஒளிந்துகொண்டது. என் கருத்தில் இதுதான் அதிக ஆபத்தான இடம், ஏனென்றால் இங்கே வேகமாக ஓடுவது என்பது சில சமயம் பொய் சொல்வதன் இன்னொரு பெயர்.

டேட்டாபேஸ் "கமிட் ஆச்சு" என்று சொன்னால் கரெண்ட் போனாலும் அந்த வரி இருக்க வேண்டும். அதுதான் வாக்குறுதி. அதற்காக டேட்டாபேஸ் எஃப்சிங்க் என்ற அழைப்பைக் கூப்பிட்டு, "மெமரியில் வைக்காதே, டிஸ்கில் எழுதிவிட்டுச் சொல்" என்று கர்னலிடம் கேட்கிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று. செகண்டுக்கு 120. (வந்துவிட்டதா 120!) ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். ஒரே கனெக்ஷன் ஒவ்வொரு கமிட்டாக வரிசையாக எழுதினால் செகண்டுக்குச் சுமார் 120-க்கு மேல் போவது கஷ்டம். பல கனெக்ஷன்களின் கமிட்டை ஒரே எழுத்தில் சேர்த்து எழுதினால் கூடும், அது நியாயமான வித்தை. ஆனால் யாராவது பழைய ஹார்ட் டிஸ்க் லேப்டாப்பில், ஒரே கனெக்ஷனில், செகண்டுக்கு 3000 கமிட் என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஒன்று, டிஸ்க்கின் உள் கேஷ் "எழுதிட்டேன்" என்று பொய் சொல்கிறது. இல்லையென்றால் யாரோ செட்டிங்கை மாற்றியிருக்கிறார்கள். இன்னோடிபியில் ஒரே ஒரு செட்டிங்கை 1-லிருந்து 2 ஆக்கினால் ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க் வரை போகாமல் செகண்டுக்கு ஒருமுறை போகும். எண் எகிறும். கரெண்ட் போனால் கடைசி ஒரு செகண்ட் போச்சு.

ஒரு செகண்ட்தானே என்று சென்னைக்காரர் சொல்லலாம். 2012-ல் மணிக்கணக்கில் மின்வெட்டைப் பார்த்த ஊர் நம்முடையது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டியில் விடியற்காலை பில் போடுகிற கம்ப்யூட்டரை நினைத்துப் பாருங்கள். விவசாயி கையில் சீட்டு இருக்கிறது, மிஷினில் வரி இல்லை. யார் பேச்சு எடுபடும்?

இதில் யூனிக்ஸுக்கு யூனிக்ஸ் வித்தியாசம் வேற. ஆப்பிளின் மேக் ஓஎஸ் சான்றிதழ் பெற்ற யூனிக்ஸ்தான். ஆனால் அதில் எஃப்சிங்க் என்று கேட்டால் டிஸ்க்கின் உள் கேஷ் வரைதான் உறுதி. தட்டு வரை போக வேண்டுமென்றால் வேற ஒரு அழைப்பைத் தனியாகக் கேட்க வேண்டும். அந்த வேறுபாடு தெரியாமல் மேக்கில் எடுத்த எண்ணையும் லினக்ஸில் எடுத்த எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடே கிடையாது. 2018-ல் இன்னொரு குண்டு வெடித்தது. லினக்ஸில் டிஸ்கில் எழுதும்போது பிழை வந்தால் எஃப்சிங்க் ஒரு தடவை பிழை என்று சொல்லும். டேட்டாபேஸ் மறுபடி முயன்றால் "சரி, ஆச்சு" என்று சொல்லிவிடும், தரவு எழுதப்படாமலே! ஃப்ரீபிஎஸ்டியில் அந்தப் பக்கங்களை எழுதாதவை என்றே வைத்திருந்து மறுபடி முயலும். போஸ்ட்கிரெஸ் எழுதியவர்கள் இத்தனை வருஷம் மறுமுயற்சி வேலை செய்கிறது என்று நம்பியிருந்தார்கள். 2019-ல் திருத்தினார்கள். இப்போது அந்தப் பிழை வந்தால் போஸ்ட்கிரெஸ் மறுமுயற்சி செய்யாமல் தன்னையே நிறுத்திக்கொண்டு, லாக்-ஐ வைத்து முதலிலிருந்து மீள்கிறது. எந்த வேக ஒப்பீட்டிலாவது இது தெரியவந்ததா? இல்லை. செகண்டுக்கு எத்தனை என்று மட்டும் கேட்டால் இது தெரியவே தெரியாது.

கதை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2023-ல் போஸ்ட்கிரெஸ் எழுதுபவர்களே ப்ராசஸ் முறையை விட்டு த்ரெட்டுக்கு மாறலாமா என்று பெரிய விவாதம் நடத்தினார்கள். செப்டம்பர் 2025-ல் வந்த 18-ம் பதிப்பில் டிஸ்கிலிருந்து படிப்பதற்குப் புது வழிகள் வந்தன. அதில் ஐஓ யூரிங் என்ற வழி லினக்ஸில் மட்டும்தான் உண்டு, மற்ற யூனிக்ஸ்களில் தனி வேலையாட்களை வைத்துச் செய்யும் வழி. மறுபடி பஞ்சாயத்து ஆரம்பம்!

கம்பெனிகள் கொடுக்கும் எண்ணை நம்பலாமே என்பீர்கள். 1983-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிவிட் என்ற பேராசிரியர் டேட்டாபேஸ்களை அளந்து வெளியிட்டார். ஒரேக்கிளுக்கு எண்கள் சாதகமாக இல்லை. அதன்பின், அனுமதி இல்லாமல் சோதனை முடிவுகளை வெளியிடக்கூடாது என்று லைசென்ஸில் ஒரு நிபந்தனையே வந்தது. இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான்: டிவிட் கிளாஸ். 1988-ல் டிபிசி என்று எல்லாருக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டாகி விதிமுறை போட்டது. நல்ல விஷயம். ஆனால் அதில் கலந்துகொள்ளும் மிஷின்களின் விலையைப் பார்த்தால் நம் காலேஜ் பில்டிங்கையே விற்கணும். நல்லவேளையாக, போஸ்ட்கிரெஸ், மை எஸ்க்யூஎல், லினக்ஸ், பிஎஸ்டி எல்லாம் திறந்த மென்பொருள். அவற்றை அளந்து ஊருக்குச் சொல்ல யார் அனுமதியும் வேண்டாம்.

இப்போது ப்ராஜெக்டுக்கு வருகிறேன். கசப்பாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். இறுதியாண்டில் ஆறு பேர் சேர்ந்து ஒரு குரூப். தலைப்பு லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட், பேரோல். சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ப்ராஜெக்ட் சென்டரில் சிடி, ரிப்போர்ட், வைவா கேள்வி பதில் எல்லாம் ரெடி. கூலி வேலை செய்து ஃபீஸ் கட்டுகிற வீட்டிலிருந்து அந்தப் பணமும் போகிறது. ஒரு பட்டனை அமுக்கினால் ஒரு வரி சேர்கிறது, பார்க்கிறவர் தலையாட்டுகிறார், முடிந்தது. இரண்டு பேர் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்று அந்த ப்ராஜெக்டுக்கே தெரியாது. நமக்கும் தெரியாது. இன்டர்வியூவில் கேட்கும்போதுதான் முழிக்கிறோம்.

"எக்ஸ்டர்னல் வந்தால் ஸ்கிரீனில் ஃபார்ம் ஓட வேண்டாமா? வெறும் கிராஃபைக் காட்டினால் மார்க் போடுவாரா?" என்று சார்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலை, நான் ஒதுக்கவில்லை. ஆனால் மெக்கானிக்கல் நண்பர்கள் என்ன செய்கிறார்கள்? இழுவிசைச் சோதனை மிஷினில் கம்பியை அறுத்து எத்தனை கிலோநியூட்டன் என்று எழுதுகிறார்கள். சிவிலில் கான்கிரீட் கட்டியை 28 நாள் ஊற வைத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். அவர்களை யாரும் "வீடு எங்கே?" என்று கேட்பதில்லை. அளப்பது இன்ஜினியரிங்கின் பாதி. நம் டிபார்ட்மெண்டில் மட்டும் ஏன் அளக்கும் வேலையே இல்லாமல் போச்சு?

மிஷின் எங்கே என்று கேட்பீர்கள். 2011-லிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்பை மறந்துவிட்டோம். எல்காட் மூலம் வாங்கியது. 2007-ல் தன் அலுவலகத்தையே விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றிய எல்காட்! முதலில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. வாங்கின முதல் வாரமே அதை அழித்துவிட்டுப் படம் பார்க்க இடம் பண்ணின அண்ணன்மார் எத்தனையோ பேர். அந்த லேப்டாப்கள் இன்று பரணில் கிடக்கின்றன. மதிப்பில்லை என்று நினைக்கிறோம். ஆனால் வேகம் அளப்பவனுக்கு முதல் தேவை என்ன? ஒரே மாதிரி இரண்டு மிஷின். அதே ப்ராசஸர், அதே மெமரி, அதே டிஸ்க். கம்பெனியில்கூட அது லேசில் கிடைக்காது. ஒரே வருஷம், ஒரே மாடல் லேப்டாப் இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! டிஸ்க் பழசு என்பதும் நல்லதே. எஸ்எஸ்டியில் மறைந்துபோகிற தாமதமெல்லாம் அதில் கண்ணுக்குத் தெரியும்.

செய்கிற முறை கஷ்டமில்லை. ஒன்றில் லினக்ஸ், இன்னொன்றில் ஃப்ரீபிஎஸ்டி. இரண்டிலும் ஒரே பதிப்பு போஸ்ட்கிரெஸ், ஒரே செட்டிங். போஸ்ட்கிரெஸோடு பிஜிபென்ச் என்ற சோதனைக் கருவி கூடவே வருகிறது, மை எஸ்க்யூஎல்-க்கு சிஸ்பென்ச் இருக்கிறது. கேள்வி கேட்கும் ப்ரோக்ராமை மூன்றாவது மிஷினில் வையுங்கள், இல்லாவிட்டால் அளக்கிறவனும் அளக்கப்படுகிறவனும் ஒரே தட்டில் சாப்பிடுகிற கதை ஆகிவிடும். 1 கனெக்ஷனில் தொடங்கி 2, 4, 8 என்று 64 வரை ஏற்றுங்கள். எண் எங்கே ஏறுவதை நிறுத்துகிறது, எங்கே விழுகிறது என்பதுதான் சுவாரசியம், உச்சி எண் இல்லை. மெமரிக்குள் அடங்குகிற அளவு தரவுக்கு ஒருமுறை, அடங்காத அளவுக்கு ஒருமுறை. ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று தடவை. ஃபைல் சிஸ்டம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது, அதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். எக்ஸ்டர்னல் வருகிற அன்றைக்கு லைவாகக் காட்ட ஒரு சோதனையும் உண்டு. ஒரு மிஷின் வரிசை எண்ணோடு வரிகளை எழுதிக்கொண்டே இருக்க, "கமிட் ஆச்சு" என்று பதில் வந்த கடைசி எண்ணை அடுத்த மிஷினில் குறித்துக்கொண்டே வரவேண்டும். நடுவில் பேட்டரியைக் கழற்றி வயரைப் பிடுங்கிவிடுங்கள். திரும்ப ஏற்றி எண்ணிப் பார்த்தால், வாக்குக் கொடுத்த எத்தனை வரி காணாமல் போனது என்று தெரிந்துவிடும். எந்த ஃபார்மும் இவ்வளவு பரபரப்பாக ஓடாது, சத்தியமாக.

பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கச் சொல்லிச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஹெச்ஓடி சார், "இந்த வருஷம் ஒரே ஒரு குரூப், பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அது போதும். இரண்டு லேப்டாப் சேர்ந்துவிட்டது, ஒரே மாடல்தான். மூன்றாவது மிஷின் லேபிலிருந்து கிடைக்கும். ஒன்றின் சார்ஜர் மட்டும் பிடிக்கவில்லை. 2011-12 பேட்ச் அக்கா அண்ணன் யார் வீட்டிலாவது ஓடுகிற சார்ஜர் இருந்தால், சனிக்கிழமைக்குள் லேபில் கொடுங்கள். வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறோம்.